திறப்பைத் திருகினால் ஒரேயொரு ‘டிக்’

மாரி விட்டு, அரிவு வெட்டுத் தொடங்கி, ஆலையிலும் வயலிலும் வேலை குவிகிற நேரம் பார்த்துத்தான் மெசின்கள் படுக்கும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்கிட் ஸ்டியர் லோடர் பற்றியவை. அதாவது எந்தக் கொம்பனி செய்தாலும் நாங்கள் பொப்கட் என்றே கூப்பிடுகிற, முன்னால் வாளி வைத்து அள்ளுகிற அந்தக் குட்டி மெசின். எல்லாருக்கும் ஒரே வருத்தம், ஸ்டார்ட் எடுக்குதில்லை. ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்துவிட்டேன், உங்கள் பெயர் வரவில்லை என்று கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணை, பரந்தன் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். உமி அள்ளி ஏற்றுவதற்கு ஒரு பொப்கட் நிற்கிறது, வெளிநாட்டில் பாவித்து வந்தது, குபோட்டா எஞ்சின். திறப்பைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எஞ்சின் சுற்றாது. ஐந்தாறு தரம் திருகினால் ஏழாவது தரம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிடும். புதுப் பற்றரி போட்டேன், ஒரு கிழமை நல்லாக ஓடியது, பிறகு பழைய கதை. இப்போது ஸ்டார்ட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். முறிகண்டியில் தேங்காயும் உடைத்தாகிவிட்டது. மாற்றட்டுமா?

பதில்: தம்பி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தது சரி, ஆனால் ஸ்டார்ட்டருக்குக் காசு எடுக்க முதல் வோல்ட்டும் அம்பியரும் பார்க்கிற ஒரு மீற்றர் வாங்குங்கள். உங்கள் கடிதத்தில் பற்றரி மாற்றிய கதை இருக்கிறது, ஸ்டார்ட்டர் மாற்றச் சொன்ன கதை இருக்கிறது, எத்தனை வோல்ட் என்று யாராவது பார்த்ததாக ஒரு வரி இல்லை. இதுதான் எங்கள் பக்கத்து நோய். சாமானை மாற்றி மாற்றிப் பழுது தேடுவது.

முதலில் அந்த ‘டிக்’ எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒருவர் சீற்றில் இருந்து திறப்பைத் திருக, மற்றவர் பின் கதவுப் பக்கம் நின்று காது கொடுக்க வேண்டும். தீக்குச்சி ஒடிகிற மாதிரி மெல்லிய சத்தம் என்றால் அது ரிலே, சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற குட்டிச் சுவிச். சுத்தியலால் மெதுவாகத் தட்டியது போல ‘டக்’ என்று ஸ்டார்ட்டர் பக்கமிருந்து வந்தால் அது சொலினொயிட், ஸ்டார்ட்டர் மோட்டருக்குக் கரண்டைக் கொடுக்கிற காந்தச் சுவிச். சொலினொயிட்தான் அடிக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் திறப்பு, பியூஸ், ரிலே, சீற் சுவிச் எல்லாவற்றையும் தாண்டி மெல்லிய வயரில் கரண்ட் வந்து சேர்ந்துவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது தடித்த வயர்களும் ஸ்டார்ட்டரும்தான். ‘டர்ர்ர்’ என்று மளமளவென்று அடித்தால் கதை வேறு. சொலினொயிட் இழுத்து மோட்டருக்குக் கரண்டைக் கொடுத்த உடனே வோல்ட் விழுந்துவிடுகிறது, பிடித்து வைக்கச் சக்தி இல்லாமல் அது விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்ட் ஏற மறுபடி இழுக்கிறது. அது பெரும்பாலும் இறங்கிப்போன பற்றரி அல்லது தளர்ந்த கிளாம்ப்.

சரி, மீற்றர் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிசி வோல்ட்டில் வையுங்கள். மெசின் சும்மா நிற்கும்போது பற்றரியில் 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து ‘பற்றரி நல்லம்’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம், படுத்துக் கிடக்கிற மாட்டைப் பார்த்து அது வண்டி இழுக்கும் என்று சொல்கிற மாதிரித்தான் அது. திறப்பைத் திருகிப் பிடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். மீற்றர் முனைகளைக் கிளாம்பில் வைக்காமல் பற்றரியின் ஈயக் குமிழிலேயே அழுத்திப் பிடியுங்கள். திருகியதும் 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி களைத்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் உள்ளே இறுகி அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் இழுக்கிறது. ‘டக்’ சத்தம் கேட்டும் எண் 12.5இல் அசையாமல் நின்றால் மோட்டருக்குக் கரண்டே போகவில்லை, நடுவில் எங்கேயோ அறுந்த மாதிரி இருக்கிறது. உங்கள் மெசின் இந்த இரண்டாவது சாதி என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது ஒருவரும் செய்யாத வேலை. மீற்றரின் சிவப்பு முனையைப் பற்றரியின் பிளஸ் குமிழில் வைத்து, கறுப்பு முனையை ஸ்டார்ட்டரில் தடித்த வயர் வந்து ஏறுகிற போல்ட்டில் வையுங்கள். சும்மா நிற்கும்போது பூச்சியம் காட்டும். திருகும்போது 0.5க்குமேல் போகக்கூடாது. பிறகு மைனஸ் பக்கம், பற்றரியின் மைனஸ் குமிழிலிருந்து ஸ்டார்ட்டரின் வெறும் இரும்பு உடம்புக்கு, அது 0.3க்கு உள்ளே இருக்க வேண்டும். கூடினால் அந்தப் பாதையில் வோல்ட்டை யாரோ சாப்பிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொரு இணைப்பாகக் கிட்டக் கிட்ட வைத்துக்கொண்டு போனால் ஆள் பிடிபட்டுவிடுவார்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று கேட்பீர்கள். இந்த அளவு டீசல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் 250 அம்பியர் அளவில் இழுக்கும். ஒரு இணைப்பில் கறள் பிடித்து வெறும் 0.01 ஓம் தடை வந்தாலே 2.5 வோல்ட் அங்கேயே போய்விடும், 600 வாட்டுக்கு மேல் அந்த ஒரு போல்ட்டில் சூடாக மாறும். அதனால்தான் இரண்டு தரம் திருகிவிட்டு, திறப்பை எடுத்து வைத்து, வயர் நுனிகளைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்வது. சுடுகிற நுனி கள்ளன். டெஸ்ட் பல்ப் இதைக் காட்டிக் கொடுக்காது. 5 வாட் பல்ப் அரை அம்பியர்கூட இழுக்காது, நூலளவு செம்பு மிஞ்சியிருந்தாலும் அது பளிச்சென்று எரிந்துவிட்டுப் போகும்.

எர்த்தை, அதாவது கரண்ட் இரும்பு உடம்பு வழியாகப் பற்றரி மைனஸுக்குத் திரும்பிப் போகிற பாதையை, முதலில் பாருங்கள், பிளஸ்ஸை அல்ல. ஒட்டுசுட்டான் பக்கம் கல் உடைக்கிற இடத்திலிருந்து ஒருமுறை ஒரு லோடர் என் கராஜுக்கு வந்தது. ஸ்டார்ட்டரை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினேன், கார்பனும் மாற்றினேன், பாருங்கள் நானும் அந்தக் காலத்தில் சாமான் மாற்றுகிற சாதிதான். மூன்றாம் தரம் திருகும்போது எஞ்சினுக்குப் போகிற அக்சிலேற்றர் கேபிளில் இருந்து புகை வந்தது. பார்த்தால் எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கிற எர்த் பட்டி, பெயின்ற் அடித்த இரும்பின் மேல் பூட்டிக் கிடக்கிறது, யாரோ வடிவாகக் கிடக்கட்டும் என்று புதுப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். 250 அம்பியரும் திரும்பிப் போக வழி தேடி அந்தச் சின்னக் கேபிளுக்குள் நுழைந்துவிட்டது. அரத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினேன். கால் மணித்தியால வேலை. இரண்டு நாள் கூலி கேட்க எனக்கே வெட்கம்.

உங்கள் மெசினில் எர்த் சுத்தம், வயர் சுத்தம் என்று வந்துவிட்டால் சொலினொயிட்டில் இரண்டு பெரிய போல்ட் இருக்கும். ஒன்றில் பற்றரி வயர், மற்றதில் இருந்து மோட்டருக்குள் ஒரு குட்டை வயர். இரண்டுக்கும் குறுக்கே மீற்றரை வைத்துத் திருகுங்கள். ‘டக்’ என்ற பிறகும் 12 வோல்ட் அப்படியே காட்டினால் உள்ளே இருக்கிற செப்புத் தொடுவாய்கள் எரிந்து தேய்ந்துவிட்டன. ஏழாவது தரம் ஸ்டார்ட் ஆகிறதே, அந்தக் குணம் இதற்குத்தான் பொருந்துகிறது. உள்ளே போய்வருகிற செப்பு வட்டம் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் திரும்பும், எரியாத இடம் வந்து பட்டால் பிடித்துக்கொள்ளும். புதுப் பற்றரியோடு ஒரு கிழமை ஓடியதும் அதனால்தான் இருக்கும், வீரியமான பற்றரி கரிப் படலத்தை உடைத்துக்கொண்டு போயிருக்கும். குபோட்டா எஞ்சின்களில் அதிகம் வருகிற டென்சோ வகை ஸ்டார்ட்டர் என்றால் அந்தத் தொடுவாய்களும் வட்டமும் தனியாக வாங்கலாம், முழு ஸ்டார்ட்டர் தேவையில்லை. கழற்ற முதல் பற்றரி மைனஸ்ஸைக் கழற்றிவிடுங்கள், மறக்கவே கூடாது, அந்தத் தடித்த வயரில் திறப்பு இல்லாமலும் எப்போதும் கரண்ட் நிற்கும். ஸ்பானர் இரும்பில் பட்டால் வெல்டிங் அடித்த மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, செட்டிகுளத்தில் கோழிப் பண்ணை. எரு அள்ளுகிற பொப்கட்டில் திறப்பைப் போட்டால் டாஷில் வெளிச்சம் எல்லாம் வருகிறது, ஸ்டார்ட் பண்ணினால் ஒரு சத்தமும் இல்லை. சீற்றை ஆட்டினால் சில நேரம் எடுக்கிறது. சீற்றுக்குக் கீழே இருக்கிற வயர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் சரி என்கிறார் ஓட்டுகிற தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: தங்கச்சி, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. வயரை முறுக்க விடாதீர்கள்.

பல பொப்கட்களில் ஆள் சீற்றில் இல்லாவிட்டாலோ, மடியில் இறக்குகிற பார் கீழே வராவிட்டாலோ ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகாது. சில கொம்பனி மெசின்களில் எஞ்சின் சுற்றும், ஆனால் தூக்குகிற கையும் சக்கரமும் பூட்டிக் கிடக்கும். உங்களுடையது எந்த வகை என்று அதோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இந்தப் பூட்டு ஏன் என்றால், இந்த மெசினில் தூக்குகிற கை இரண்டும் ஓட்டுகிறவரின் தோளுக்குப் பக்கத்தால் ஏறி இறங்குகின்றன. சீற்றை விட்டு எழும்பி வெளியே சாயும்போது முழங்கால் லீவரில் பட்டாலே கை இறங்கிவிடும், கைக்கும் கூண்டுக்கும் நடுவில் ஆள் நசிந்துவிடுவார். உலகம் முழுக்க இந்த மெசினில் ஆட்கள் சாகிற வழிகளில் இது முக்கியமான ஒன்று.

சீற்றை ஆட்டினால் எடுக்கிறது என்று நீங்களே பழுதைச் சொல்லிவிட்டீர்கள். சீற்றைத் தூக்கிப் பாருங்கள். கீழே எருவும் உமியும் அடைந்து சுவிச் முழுதாக அமுங்காமல் நிற்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம், ஆனால் நான் காசு கட்டுவது கனெக்டர் மேல்தான். கோழி எருவிலிருந்து அமோனியா வருகிறதல்லவா, அது செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சையும் நீலமுமாகப் பொடி தெரியும். கொன்டாக்ட் கிளீனர் அடித்து, பல் துலக்குகிற பழைய பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த பிறகு கனெக்டருக்கென்று விற்கிற சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் வைத்துப் பூட்டுங்கள். பொடி வயரின் உறைக்குள் ஏறிவிட்டிருந்தால் சுத்தம் பண்ணிப் பயனில்லை, செம்பு மினுங்குகிற இடம்வரை வெட்டிப் புதுத் துண்டு போட வேண்டும். சுவிச்சும் பழுது என்றால் புதுச் சுவிச் வாங்குங்கள்.

அதோடு ரிலேயையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். பெட்டிக்குள் அதே இலக்கம் போட்ட வேறு ரிலே, ஹோர்னுக்கோ லைட்டுக்கோ உள்ளது, இருந்தால் இடம் மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். பியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாமல் இரண்டு பக்கமும் மீற்றரை வையுங்கள்.

இன்னொன்று. இந்த மெசின் கோழிப் பண்ணைக்கு வேலைக்கு வந்தது என்று நினைத்திருப்பீர்கள், அது பிறந்ததே கொட்டிலுக்காகத்தான். 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் என்ற இரண்டு பட்டறைக்காரர், வான்கோழி வளர்க்கிற ஒருவருக்குத் தூண்களுக்கு நடுவில் நுழைந்து எரு அள்ள மூன்று சில்லில் ஒரு குட்டி லோடர் செய்து கொடுத்தார்கள். 1960இல் அது நாலு சில்லானது, பொப்கட் என்ற பெயர் 1962இல்தான் வந்தது.

கேள்வி: பற்றரி இறங்கிவிட்டால் ரிப்பர் லொறியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா? அல்லது உழவு மெசினைத் தள்ளி எடுப்பது மாதிரிக் கட்டி இழுத்து எடுக்கலாமா? (மாங்குளம்)

பதில்: இரண்டுமே வேண்டாம். பெரிய ரிப்பர்களில் இரண்டு பற்றரி சேர்த்து 24 வோல்ட், உங்கள் மெசின் 12. ஸ்டார்ட் ஆகும்தான், கொன்ட்ரோலரும் டாஷும் எரிந்து போகும். அயலில் நிற்கிற மாஸி பேர்குசன் 240 உழவு மெசின் போதும், அது 12 வோல்ட். பிளஸ்ஸுக்குப் பிளஸ், அடுத்த வயரின் கடைசி நுனியை இறங்கிய பற்றரியின் மைனஸில் போடாமல் தூர உள்ள எஞ்சின் இரும்பில் பிடியுங்கள், பற்றரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு நிற்கும், ஒரு பொறி போதும் அது வெடிக்க. கட்டி இழுப்பது நடவாத காரியம், சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கிளச்சும் கியரும் இல்லை, ஹைட்ரோலிக் எண்ணெய்தான் ஓடுகிறது. சில்லைச் சுற்றி எஞ்சினைச் சுற்ற முடியாது, பம்ப்தான் பழுதாகும். இப்படியான நேரத்தில்தான் கையால் சுற்றி எடுக்கிற இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர்காரரைப் பார்த்துப் பொறாமை வரும்.

கேள்வி: ஸ்டார்ட்டர் நல்ல வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. டீசல் இருக்கிறது, பில்டரும் மாற்றியாயிற்று. இது கரண்ட் பிரச்சினையா? (முள்ளியவளை)

பதில்: இருக்கலாம். டீசல் பம்ப் பக்கத்தில் எரிபொருளைத் திறந்து மூடுகிற ஒரு சொலினொயிட் இருக்கும். திறப்பை ஓன் பண்ணியதும் அதன் கம்பி ‘டக்’ என்று உள்ளே இழுபட்டு அங்கேயே நிற்க வேண்டும். இழுக்க ஒரு சுருள், பிடித்து வைக்க இன்னொரு சுருள். இழுக்கிற சுருள் ஒரு செக்கனுக்கும் குறைவான நேரம் நிறையக் கரண்ட் எடுக்கும், பிறகு பிடிக்கிற சுருள் ஒரு அம்பியர் அளவில் சமாளித்துக்கொள்ளும். ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை ஓனில் மட்டும் வைத்துக்கொண்டு கம்பியைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் ஒட்டி நின்றால் பிடிக்கிற சுருள் நல்லம், இழுக்கிற பக்கத்து வயரோ டைமரோ பழுது. நிற்காமல் திரும்பி வந்தால் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று மீற்றர் வையுங்கள், பியூஸ் போயிருக்கும் அல்லது எர்த் விட்டிருக்கும். கம்பி கறள் பிடித்து இறுகி முழுதாக உள்ளே போகாவிட்டால் இழுக்கிற சுருள் எரிந்துவிடும், ஆகவே புதியது போட முதல் லிங்க் லேசாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

காலையில் மட்டும்தான் பிடிக்கவில்லை, வெள்ளைப் புகை வருகிறது என்றால் குளோ பிளக், ஸ்டார்ட் பண்ண முதல் எஞ்சினின் உள்ளறையைச் சூடாக்குகிற பிளக். வன்னி வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். பழைய குபோட்டா போல முன்னறை வைத்த எஞ்சினுக்கு மார்கழி விடியலில் அது தேவை.

கேள்வி: திருப்புளியைச் சொலினொயிட்டின் இரண்டு போல்ட்டிலும் வைத்து இடித்தால் உடனே எடுக்கிறது. இருபது வருடமாக உழவு மெசினில் செய்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. இதில் மட்டும் என்ன? (துணுக்காய்)

பதில்: ஐயா, உழவு மெசினிலும் அது பிழைதான், நீங்கள் தப்பியிருக்கிறீர்கள். பொப்கட்டில் பின்னால் நின்று அப்படி ஸ்டார்ட் பண்ணும்போது சீற்றில் ஆள் இல்லை, லீவர் எப்படி நிற்கிறது என்று தெரியாது, மெசின் பின்னால் பாய்ந்தால் உங்களுக்குப் பின்னால் சுவர்தான். அதோடு நீங்கள் பழுதைக் கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்கிறீர்கள். இரண்டு பெரிய போல்ட்டையும் இணைத்தால் மோட்டர் சுற்றுகிறது என்றால் பற்றரியும் மோட்டரும் நல்லம், சொலினொயிட் அல்லது அதற்கு வருகிற மெல்லிய வயர்தான் வியாதி. மெல்லிய வயரில் திருகும்போது 10 வோல்ட்டாவது வருகிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மெசினின் தூக்குகிற கையை உயர்த்தி வைத்துக்கொண்டு பார்க்க வேண்டி வந்தால் அதற்குக் கீழே கொடுக்கிற இரும்புத் தாங்கியைக் கொடுக்காமல் தலையை நீட்டவே வேண்டாம்.

கேள்வி: மூன்று நாள் நிறுத்தினால் பற்றரி செத்துவிடுகிறது. இரண்டு பற்றரி மாறிவிட்டது. ஓடும்போது சார்ஜ் 14.2 காட்டுகிறது. கூண்டுக்குள் பாட்டுப் பெட்டியும் முன்னுக்கு நாலு எல்இடி லைட்டும் போட்டிருக்கிறேன். (புதுக்குடியிருப்பு)

பதில்: 14.2 நல்ல எண், சார்ஜ் ஏறுகிறது. ஆகவே நிற்கும்போது யாரோ குடிக்கிறார்கள். திறப்பை எடுத்துவிட்டு, மைனஸ் வயரைக் கழற்றி, மீற்றரை 10 அம்பியரில் வைத்துக் குமிழுக்கும் வயருக்கும் நடுவில் பூட்டுங்கள். அப்படிப் பூட்டியிருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், மீற்றரின் பியூஸ் போய்விடும். 0.05 அம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. 1 அம்பியர் காட்டினால் 70 அம்பியர் மணிப் பற்றரி மூன்று நாள் தாங்காது, உங்கள் கணக்கோடு சரியாக வருகிறது பாருங்கள். ஒவ்வொரு பியூஸாக இழுத்துப் பாருங்கள், எதை இழுத்தால் எண் விழுகிறதோ அந்த வயரில் ஆள் இருக்கிறார். என் சந்தேகம் பாட்டுப் பெட்டிதான், பூட்டியவர் திறப்புக்குப் பின்னால் எடுக்காமல் நேரே பற்றரியிலிருந்து எடுத்திருப்பார், அதற்குப் பியூஸே இல்லாமலும் இருக்கலாம். அதைக் கழற்றியும் எண் குறையாவிட்டால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஓல்டர்நேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே டயோட் கசிந்தாலும் இப்படி இறங்கும். பற்றரித் தண்ணீருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடவில்லை என்று நம்புகிறேன், எங்கள் ஊர்க் கிணற்றில் சுண்ணாம்பு. அதற்கும் சரிவராவிட்டால் மீற்றர் காட்டிய எண்ணை எழுதித் திரும்பக் கடிதம் போடுங்கள், எண் இல்லாமல் வேண்டாம்.